பன்னிரண்டு கிலோ மான் இறைச்சி

மகள் மான் இறைச்சியோடு வருகிறாள் என்ற செய்தி வந்தபோது புளோறன்ஸ், தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக் குசினியில் நாற்பது பேருக்கு உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். ஆவி படிந்த கையை ஏப்ரனில் துடைத்துவிட்டுக் கைபேசியைப் பார்த்தாள்.

"அம்மா, நாளைக்கு வாறன். பன்னிரண்டு கிலோ. துண்டு போட்டுத்தான் தந்திருக்கினம். அப்பாவுக்குச் சொல்லுறதும் விடுறதும் உங்கட விருப்பம்."

ஒன்பது மாதமாக நிலூஜா வீட்டுப் படி மிதிக்கவில்லை. பன்னிரண்டு கிலோ என்ன, வெறுங்கையோடு வருகிறேன் என்றிருந்தாலும் புளோறன்ஸுக்கு அன்றைக்கு நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். உருளைக்கிழங்கு கொஞ்சம் கூடுதலாக அவிந்துபோனது. பல்லில்லாத சனங்களுக்கு அது நல்லதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சண்டை தொடங்கியது தை மாதம். நிலூஜா வேட்டைச் சோதனை எழுதிப் பாஸ் பண்ணி, பொலிஸிடம் அனுமதி எடுத்து, ஒரு துவக்கும் வாங்க நிச்சயித்திருந்தாள். இந்த நாட்டில் துவக்கை இரும்பு அலுமாரிக்குள் பூட்டி, அந்த அலுமாரியைச் சுவரோடு முடுக்கி வைக்கவேண்டும். ஒஸ்லோவில், மோர்டென்ஸ்ருட்டில் இருக்கிற அவர்களுடைய வரிசை வீட்டில், நிலவறைச் சுவரில் அதைப் பூட்டலாமா என்று அவள் கேட்டாள். தகப்பன் பிலேந்திரன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"இந்த வீட்டுக்குள்ள துவக்கு வந்தால் நான் வெளியில போயிடுவன்."

"நீங்கள் ஏன் போறியள்? நான் போறன்" என்றாள் அவள்.

போயேவிட்டாள். அவளுக்கு வேலை திராமன் நகரத்து ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே எடுக்கும் பகுதியில். அங்கேயே ஓர் அறை பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தகப்பனும் மகளும் ஒரு சொல் கதைக்கவில்லை. கேட்ட ஆட்களெல்லாம், "பாவம் மனுசன், எங்கட சனம் துவக்கால பட்ட பாடு கொஞ்சமே" என்று தலையாட்டினார்கள். புளோறன்ஸும் அப்படித்தான் நினைத்திருந்தாள். யுத்தத்தைக் கண்டு ஓடிவந்த மனிதருக்கு மகளே துவக்குத் தூக்கினால் எப்படித்தான் இருக்கும்? ஆனால் மகள் பக்கமும் அவளுக்கு விளங்காமல் இல்லை. ஒருமுறை கேட்டிருக்கிறாள், உனக்கு ஏன் பிள்ளை இந்த வேலை என்று.

"அம்மா, காட்டுக்குள்ள ஆறு மணித்தியாலம் அசையாமல் இருக்கவேணும். போன் இல்லை, கதை இல்லை. அங்கை ஒருத்தரும் என்னை நீ எங்கையிருந்து வந்தனீ எண்டு கேக்கிறேல்லை. காத்து எந்தப் பக்கத்தாலை வருது எண்டுதான் கேப்பினம்."

வியாழக்கிழமை புளோறன்ஸுக்கு லீவு. செபமாலைக் கூட்டம் என்று சொல்லிவிட்டு, பையில் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, பொரித்த மீன் என்று அடுக்கிக்கொண்டு ரயிலேறித் திராமன் போய் வருவாள். ஒன்பது மாதத்தில் ஒரு வியாழனும் தப்பவில்லை. அந்தப் பொய்க்காக இரண்டு தரம் பாவசங்கீர்த்தனமும் செய்துவிட்டாள்.

வெள்ளி பின்னேரம் பிலேந்திரன் வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடிக்கும்போது புளோறன்ஸ் விசயத்தைச் சொன்னாள். அவர் இருபத்தாறு வருசமாக ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவர். பஸ் ஓட்டி ஓட்டி, முகத்தில் ஒன்றையும் காட்டாமல் முன்னுக்குப் பார்த்துக்கொண்டிருக்கப் பழகிவிட்டார்.

"நாளைக்கு அவள் வாறாளாம்."

"ம்."

"மான் இறைச்சி கொண்டு வாறாளாம்."

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். "நாளைக்கு நான் கார் ரயர் மாத்தவேணும். குளிர் ரயர் போடவேணும்" என்றார். வரவேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே பெரிய காரியம் என்று புளோறன்ஸ் எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையிலிருந்து மழை தூறிக்கொண்டிருந்தது. ஐப்பசிக் கடைசி. மேப்பிள் இலைகள் படியெல்லாம் ஒட்டிக்கிடந்தன. பிலேந்திரன் வாசலில் காரை ஜக்கில் ஏற்றிவிட்டு, முழங்காலுக்குக் கீழே பழைய சாக்கொன்றைப் போட்டுக்கொண்டு வேலை செய்தார். பதினொரு மணிபோல ஸ்டேசன் பக்கத்துச் சரிவில் நிலூஜா ஏறி வருவது குசினி யன்னலில் தெரிந்தது. முதுகில் அவளைவிடப் பெரிய பை, கையில் நீலக் குளிர்ப்பெட்டி. சப்பாத்தில் சேறு. வியாழனுக்கு வியாழன் கண்ட பிள்ளைதான், இன்றைக்கு இன்னும் மெலிந்து தெரிந்தாள்.

புளோறன்ஸ் செருப்பும் போடாமல் வாசலுக்கு ஓடினாள். மகள் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். தகப்பன் நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார். திரும்பவும் குனிந்து சில்லு நட்டை முறுக்கினார். முறுக்கிக்கொண்டே, மனைவிக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"துவக்கு கொண்டு வந்திருக்கோ எண்டு கேள்."

மகள் அவரிடமிருந்து மூன்றடி தள்ளி நின்றாள்.

"இல்லை எண்டு சொல்லுங்கோ அம்மா. அது திராமனில பூட்டிக் கிடக்கு."

"இல்லையாம்" என்றாள் புளோறன்ஸ், வேறு வழியில்லாமல்.

"ம். நனையாமல் உள்ளுக்குப் போகச் சொல்லு."

"உள்ளுக்கு வாவன் பிள்ளை" என்று புளோறன்ஸ் மகளின் கையிலிருந்த பெட்டியை வாங்கினாள். தூக்கமுடியாத பாரம்.

குசினி மேசையில் செய்தித்தாளை விரித்து, அதன் மேல் ஒவ்வொரு பொதியாக எடுத்து வைத்தார்கள். முன்னங்கால், விலா, கழுத்து, ஒரு பின்தொடை. புளோறன்ஸ் பொலித்தீனைப் பிரித்துப் பார்த்தாள். பீற்றூட் போலக் கடும் சிவப்பு, ஓரங்களில் கறுப்பு. கொழுப்பு என்று தேடினாலும் இல்லை. ஆட்டிறைச்சியின் முடை இல்லை. மழையில் நனைந்த இரும்புக் கேற் மாதிரி ஒரு மணம், அவ்வளவுதான்.

அவள் பிறந்தது ஊர்காவற்றுறை. திருக்கை, கணவாய், சுறா என்று கடலில் இருப்பது எதைக் கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிக் கழுவிவிடுவாள். மானைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். இறைச்சியின் மேல் வெள்ளி மாதிரி மினுங்குகிற சவ்வு கத்திக்கு வழுக்கிக்கொண்டு போனது.

"அதை எடுக்கவேணும் அம்மா. இல்லாட்டி ரப்பர் மாதிரி வரும். கத்தியைச் சாய்ச்சுப் பிடிச்சு இப்பிடி." நிலூஜா ஒரு இழுவையில் உரித்துக் காட்டினாள். கை பழகியிருந்தது. "பத்து நாள் குளிரறைக்குள்ள தொங்கவிட்டவை. அப்பதான் இறைச்சி பதமாகும்."

"உங்கட ஆக்கள் எத்தினை பேர்?"

"ஏழு பேர். நான்தான் கடைக்குட்டி."

அந்த நேரம் பக்கத்து வீட்டு உதயகுமாரி, இரவல் வாங்கிப்போன, புட்டு அவிக்கிற நீற்றுப்பெட்டியைத் திருப்பித் தருகிற சாக்கில் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். வல்வெட்டித்துறைக்காரி. இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் என்ன கறி என்பது அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

"நிலூஜா! எப்ப வந்தனீ? ஐயோ மெலிஞ்சு போனாய்." கண் மேசைக்குப் போனது. "உதென்ன மாடோ?"

"மான் அன்ரி."

"மானோ!" இரண்டடி பின்னுக்குப் போனாள். "நான் கந்தசட்டி விரதம். மணக்கவும் கூடாது." சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். "அது சரி, புளோறன்ஸ் அக்கா, என்னெண்டு சமைக்கப் போறியள்?"

"ஆட்டிறைச்சி மாதிரித்தான். தூள் போட்டு, பால் விட்டு."

"உள்ளி கூடப் போடுங்கோ. இஞ்சியும். ரம்பை இலை இருக்கோ? இல்லாட்டி என்னட்டை பிறீசருக்குள்ள கிடக்கு, எடுத்துக்கொண்டு வாறன்." ரம்பையைக் கொண்டுவந்து கொடுத்து, இறைச்சியைத் தொடாமல் எட்டி நின்று, துண்டு பெரிசு, சின்னனாக வெட்டுங்கோ என்று சொல்லி, கடைசியில் மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு போனாள். வாசலில் பிலேந்திரனிடம், "அண்ணை, உங்களுக்கு இண்டைக்கு நல்ல வேட்டைதான்" என்று சொல்லிச் சிரித்தது உள்ளே கேட்டது. அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

புளோறன்ஸ் முன்னங்காலை வெட்டிக் கழுவி, மஞ்சளும் உப்பும் தேசிப்புளியும் பிரட்டி வைத்தாள். இறைச்சியைச் சட்டியில் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டு வெங்காயம் அரிந்தாள். நிலூஜா கழுத்து இறைச்சியையும் விலாவையும் பைகளில் போட்டுத் திகதி எழுதி உறைபெட்டிக்குள் அடுக்கினாள். அடுக்கி முடித்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். கையிலிருந்த பேனையை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

"அம்மா, நீங்கள் சமையுங்கோ. அப்பா சாப்பிட்டால் குடுங்கோ. இல்லாட்டி ஆருக்கும் குடுங்கோ. எனக்கு உது இறங்காது."

புளோறன்ஸ் கத்தியை வைத்தாள். "ஏன் பிள்ளை? உன்ர முதல் வேட்டை எண்டு எவ்வளவு ஆசையாச் சொன்னனீ."

"நான் பிழையாச் சுட்டுட்டன்."

போன வியாழன்கூட அவள் இதைப்பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. மகள் மேசையைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினாள்.

"பின்னேரம் நாலு மணி. நல்ல வெளிச்சம். பெட்டைமான் ஒண்டு பற்றைக்குள்ளயிருந்து வெளியில வந்து நிண்டது. எண்பது மீற்றர்கூட இல்லை. சோதனையில அதைவிடத் தூரத்துக்குச் சுட்டனான் அம்மா, ஒண்டும் தவறேல்லை. விசையை அமத்துற நேரம் அது திரும்பிட்டுது. நெஞ்சில படவேண்டியது பின்தொடையில பட்டுட்டுது. அது கத்தேல்லை. ஒருக்கா விழுந்து எழும்பி ஓடிட்டுது."

மழை யன்னலில் அடித்தது. வாசலில் நட்டு முறுக்கும் சத்தம் நின்றிருந்தது. ரயர் வேலை முடிந்திருக்கும் என்று புளோறன்ஸ் நினைத்தாள்.

"இறங்கிப் போய்ப் பாத்தன். புல்லில ரத்தம். எங்கட வேட்டைத் தலைவர் ரேடியோவில சொன்னவர், உடனே துரத்தாதை, துரத்தினால் இன்னும் தூரம் ஓடும், ஒரு மணித்தியாலம் இரு எண்டு. அந்த ஒரு மணித்தியாலம்..." அவள் பேனையை மூடி வைத்தாள். "பிறகு நாயோடை ஒருத்தர் வந்தவர். இருட்டுப்படும் வரைக்கும் தேடினம். காணேல்லை. மழை வந்திட்டுது. மற்ற ஆக்களை அனுப்பிப்போட்டு, கடைசி ரத்தம் கண்ட இடத்தில ரிப்பன் கட்டிப்போட்டு வந்தனாங்கள். நான் படுக்கேல்லை. விடிய ஆறு மணிக்குத் திரும்பவும் போனம். என்னைக் காரில இருக்கச் சொன்னவை. நான் மாட்டன் எண்டிட்டன். நான் சுட்டது, நான்தான் போகவேணும். ரெண்டு ஓடை கடந்து, சேத்துக்குள்ள இடுப்பளவு இறங்கி, பத்து மணிக்குத்தான் கண்டனாங்கள். ஒரு ஸ்புரூஸ் மரத்துக்குக் கீழ படுத்திருந்தது. உயிரோடை. என்னைப் பாத்தது."

"பிறகு?"

"முடிச்சன். நான்தான் முடிச்சன்." அவள் அழவில்லை. அழுகை முன்னமே முடிந்துபோன குரல். "அந்தத் தொடையை எறிஞ்சிட்டினம். மிச்சம் நல்லம் எண்டு பிரிச்சவை. தலைவர் என்ர தோளில தட்டி, கனகாலம் வேட்டையாடுற எல்லாருக்கும் இப்பிடி ஒரு நாள் வரும், வந்தால் தேடிப் போறதுதான் வேலை எண்டு சொன்னவர். எனக்கு அது மனசில ஏறேல்லை. பதினெட்டு மணித்தியாலம் அம்மா. அது பதினெட்டு மணித்தியாலம் அந்தக் காலோடை கிடந்திருக்கு. துவக்கை வித்துப்போடுவம் எண்டு இருக்கிறன்."

"எத்தினை பேர் தேடினனீங்கள்?"

கேட்டது புளோறன்ஸ் அல்ல. இருவரும் திரும்பினார்கள். குசினி வாசலில் பிலேந்திரன் நின்றார். கை இரண்டும் கறுப்புக் கிறீஸ். கழுவ வந்தவர் கழுவாமல் அப்படியே நின்றிருந்தார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது.

நிலூஜா எழும்பினாள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு தன்னைப் பார்த்து நேராகக் கேட்கிறார் என்பது அவளுக்கு உடனே பிடிபடவில்லை. தாயைப் பார்த்தாள்.

"அவள்... அவையள்..." என்று புளோறன்ஸ் தொடங்கினாள்.

"உன்னைக் கேக்கேல்லை. அவளைக் கேக்கிறன்."

"முதல் நாள் நாலு பேர். அடுத்த நாள் மூண்டு பேரும் நாயும்" என்றாள் நிலூஜா.

"நீ கடைசி வரைக்கும் நிண்டனீயோ?"

"ஓம்."

"விட்டிட்டு வருவம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"அப்பிடி விட ஏலாது அப்பா. சட்டம். சட்டம் இல்லாட்டியும் நான் விட்டிருக்கமாட்டன்."

பிலேந்திரன் பைப்பைத் திறந்தார். சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினார். விரலிடுக்கு, நகம், மணிக்கட்டு என்று நெடுநேரம் கழுவினார். முதுகைக் காட்டிக்கொண்டே கதைக்கத் தொடங்கினார்.

"எனக்கு ஒரு அண்ணன் இருந்தவன். அம்மா சொல்லியிருப்பா."

"காட்டில செத்தவர் எண்டு சொன்னவ."

"அம்மாவுக்கு அவ்வளவுதான் தெரியும். நான் அவ்வளவுதான் சொன்னனான்." தண்ணீரை மூடினார். "எண்பத்துநாலு. எனக்குப் பதினேழு வயசு, அவனுக்கு இருபது. மடுப்பக்கத்துக் காடு. எங்கட ஆக்கள் மரைமானுக்குக் கட்டுத்துவக்குக் கட்டுறவை. தெரியுமோ? மரத்தில துவக்கைக் கட்டி, மிருகம் வாற பாதைக்குக் குறுக்காலை ஒரு நூலை இழுத்து விடுறது. நூலில கால் பட்டால் வெடிக்கும். அண்ணை தேன் எடுக்கப் போனவன். பொழுதுபட நேரம் அதில கால் வைச்சிட்டான். தொடையில."

புளோறன்ஸ் அடுப்பைக் குறைத்தாள். முப்பது வருசம் கூட வாழ்ந்த மனிதர். அவள் கேட்டதேயில்லை என்றில்லை. கேட்டபோதெல்லாம், காடு, விபத்து என்று இரண்டு சொல்லோடு முடித்துவிடுவார்.

"அடுத்த நாள் மத்தியானம்தான் நானும் ஐயாவும் கண்டனாங்கள். முடிஞ்சிருந்தான். கிட்ட ஈர மண்ணில செருப்புக் காலடி கிடந்தது. ஒரு ஆள் வந்து நிண்ட அடி. வந்து நிண்டு, பாத்து, திரும்பிப் போன அடி." குரல் அசையவில்லை. "கட்டினவன் விடிய மரை விழுந்திருக்கோ எண்டு பாக்க வந்திருக்கிறான். மனுசன் கிடக்கிறதைக் கண்டிட்டுப் பயத்தில ஓடிட்டான். அப்ப இவன் உயிரோடை இருந்தவன். இடுப்புச் சாரத்தைக் கிழிச்சுக் காலைக் கட்டியிருந்தவன். ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தால் கொண்டு ஓடியிருப்பம்."

"ஆரெண்டு தெரிஞ்சதோ?" என்று புளோறன்ஸ் மெதுவாகக் கேட்டாள்.

"ஊர் முழுக்கத் தெரியும். கோயிலில எங்களுக்குப் பின்வரிசை வாங்கில இருந்து பூசை கண்டவன். அண்ணையின்ர அடக்கத்துக்குக் குழி வெட்ட வந்தவன். ஐயா ஒண்டும் கேக்கேல்லை. என்னையும் கேக்க விடேல்லை."

அவர் துவாயை எடுத்துக் கை துடைத்தார்.

"எல்லாரும் நினைக்கினம் எனக்கு இயக்கத்தின்ர துவக்கும் ஆமியின்ர துவக்கும்தான் பயம் எண்டு. நானும் அப்பிடியே இருக்கட்டும் எண்டு விட்டிட்டன். அதைச் சொல்லுறது சுகம். எனக்குத் துவக்குப் பயமில்லைப் பிள்ளை. சுட்டுப்போட்டுத் திரும்பிப் போற ஆளைத்தான் பயம். நீயும் அப்பிடி ஒரு ஆளா வந்திடுவாயோ எண்டு..."

நிலூஜாவின் தலையில் கையை வைத்தார். ஈரம் காயாத கை. சின்ன வயதில் காய்ச்சல் பார்க்கிற மாதிரி நெற்றிவரை கொண்டுவந்து எடுத்தார்.

"பிழையாத்தான் சுட்டனீ. நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா தேடிப் போனியெல்லோ. இடுப்பளவு சேத்துக்க நிண்டியெல்லோ. அது காணும் பிள்ளை, போதும்."

அப்போதுதான் நிலூஜா அழுதாள். தகப்பனின் மழைச்சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு, எக்ஸ்ரே அறையில் எத்தனையோ முறிந்த எலும்புகளைக் கண்டு கலங்காத பிள்ளை, விக்கி விக்கி அழுதாள். புளோறன்ஸுக்கும் கண் நிறைந்தது. வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று அடுப்புப் பக்கம் திரும்பினாள். சட்டியில் இறைச்சி தன் தண்ணீரில் கொதித்து வற்றத் தொடங்கியிருந்தது. அவசரமாகத் தேங்காய்ப்பால் ரின்னை உடைத்தாள்.

"ஏய், ஏய், பால் விடாதை!" பிலேந்திரன் மகளை விட்டுவிட்டு இரண்டே எட்டில் அடுப்படிக்கு வந்தார். "மானுக்கு ஆரும் பால் விடுவினமே? அதிலை கொழுப்பில்லை. பால் விட்டால் பால்தான் கறியா இருக்கும். இறைச்சி தும்பாத் தனிச்சு நிக்கும்."

"அப்ப என்ன விடுறது?"

"சுடுதண்ணி. கொஞ்சம் கொஞ்சமா விட்டு அவிய விடு. மிளகு எங்கை? உள்ளியை வெட்டாதை, இடி. கடைசியா நல்லெண்ணெய் விட்டுப் பிரட்டவேணும்."

"இவ்வளவும் தெரிஞ்சு வைச்சுக்கொண்டு முப்பது வருசமாச் சட்டி பானை தொடாமல் இருந்திருக்கிறியள்" என்றாள் புளோறன்ஸ்.

"நீ ஒரு நாளும் மான் சமைக்கேல்லையே."

ஒன்றரை மணித்தியாலம் அவிந்தது. மிளகும் உள்ளியும் ரம்பையும் சேர்ந்து எழுந்த மணம் மாடிப்படி ஏறி மேல் அறைவரை போனது. யன்னலைத் திறக்கவேண்டி வந்தது. திறந்ததும் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து உதயகுமாரியின் குரல் வந்தது.

"யன்னலைச் சாத்துங்கோ அக்கா! எனக்கு இன்னும் ரெண்டு நாள் விரதம் கிடக்கு!"

நிலூஜா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பிலேந்திரன் புட்டுக்கு மா குழைப்பதை நிறுத்தி ஒருகணம் நின்றார். புளோறன்ஸ் அதைக் கண்டும் காணாத மாதிரி இருந்தாள்.

மூன்று மணிக்குச் சாப்பிட இருந்தார்கள். வெளியில் மழை விட்டு, பின்னேர வெயில் ஈரமான கூரைகளில் மினுங்கியது. சுடச்சுட அரிசிமாப் புட்டு, கறுத்துப் பிரண்ட இறைச்சி, வெட்டின தேசிக்காய். புளோறன்ஸ் செபம் சொன்னாள். வழக்கமான செபத்தோடு, "இந்தச் சீவனுக்காகவும்" என்று ஒரு சொல்லைச் சேர்த்தாள். ஏன் சேர்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. பிலேந்திரன், "ஆமென்" என்று வழக்கத்தைவிடப் பலமாகச் சொன்னார்.

முதல் துண்டை அவர்தான் எடுத்தார். நெடுநேரம் மென்றார். தாயும் மகளும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவிஞ்சிருக்கு" என்றார். பிறகு, "நல்லா இருக்கு" என்றார்.

புளோறன்ஸ் வாயில் வைத்தாள். ஆட்டிறைச்சியும் இல்லை, மாடும் இல்லை. மிளகின் காரத்துக்கு உள்ளே, மெல்லிய இனிப்பாக, காட்டுப் பழம் தின்று வளர்ந்த ஏதோ ஒன்றின் ருசி. மகளின் கோப்பையில் புட்டு மட்டும் இருந்தது. அவள் அதைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஒருவரும் தின் என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே சட்டியைப் பக்கத்தில் இழுத்து, சின்னத் துண்டு ஒன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டாள். விழுங்கினாள். இன்னொன்று எடுத்தாள்.

சாப்பாடு பாதியில், "அப்பா, அப்ப துவக்கை என்ன செய்ய? விக்கட்டோ?" என்று கேட்டாள்.

"அது உன்ர காரியம். உனக்கு இருபத்தெட்டு வயசு. என்னை ஏன் கேக்கிறாய்?"

"நீங்கள் என்ன நினைக்கிறியள் எண்டு கேக்கிறன்."

பிலேந்திரன் எலும்பொன்றைத் தட்டி, உள்ளிருந்த மச்சையை உறிஞ்சினார். அவசரப்படவில்லை.

"துவக்கு திராமனிலயே கிடக்கட்டும். இந்த வீட்டுக்குள்ள வரவேண்டாம். அதை எனக்கு ஏலாது, இனியும் ஏலாது. ஆனா நீ வா. ஒவ்வொரு கிழமையும் வா. உன்ர அறையை நான் ஒண்டும் செய்யேல்லை, அப்பிடியே கிடக்கு." புட்டை அள்ளினார். "அப்பதான் கொம்மாவும் வியாழக்கிழமையில செபமாலை எண்டு பொய் சொல்லிக்கொண்டு ரயிலேறாமல் இருப்பா."

புளோறன்ஸின் கை கோப்பையிலேயே நின்றுவிட்டது. "உங்களுக்கு எப்பிடி..."

"செபமாலைக்கு ஆர் பொரிச்ச மீன் கொண்டு போறது?"

நிலூஜா புரைக்கேறிச் சிரித்தாள். தாய் முதுகில் தட்டித் தண்ணீர் கொடுக்கவேண்டி வந்தது. அன்றைக்கு நிலூஜா திராமன் போகவில்லை. மேலே தன் அறையில், பழைய போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு, ஞாயிறு பூசைக்கு எழுப்பும் வரைக்கும் அடித்துப்போட்ட மாதிரி நித்திரை கொண்டாள். பூசை முடிந்து பின்னேரம் தகப்பன்தான் குளிர் ரயர் போட்ட காரில் அவளைக் கொண்டுபோய் விட்டார். வழியில் என்ன கதைத்தார்கள் என்று புளோறன்ஸ் கேட்கவில்லை. போக ஐம்பது நிமிசம் எடுக்கிற இடத்துக்குப் போய்த் திரும்ப அவருக்கு மூன்றரை மணித்தியாலம் எடுத்திருந்தது. அது போதும்.

வந்தவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேராகக் குசினிக்குள் வந்து உறைபெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார்.

"நாளைக்கு வேலைக்கு இதைக் கட்டு. ரெண்டு பெட்டியில கட்டு."

"ரெண்டோ? ஆருக்கு?"

"எங்கட டிப்போவில ஆர்னே எண்டு ஒருத்தன் இருக்கிறான். வருசா வருசம் இந்த மாசம் வந்தால் தான் சுட்டது, தான் பிடிச்சது எண்டு போனில படம் காட்டிக் காட்டி எங்கட சீவனை எடுக்கிறவன். இருபத்தாறு வருசமா நான் ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டு இருக்கிறன்."

"அதுக்கு?"

"நாளைக்கு அவன் கேக்கட்டும்." மூடியைச் சட்டியில் வைத்துவிட்டு, இல்லாத தூசியை மேசையிலிருந்து துடைத்தார். "சாப்பிட்டு முடியும்வரைக்கும் ஒண்டும் சொல்லமாட்டன். முடிஞ்ச பிறகுதான் சொல்லுவன், இது என்ர மகள் சுட்டது, இடுப்பளவு சேத்துக்குள்ள நிண்டு தேடிக் கொண்டு வந்தது எண்டு."

புளோறன்ஸ் இரண்டு பெட்டிகளை எடுத்தாள். ஆர்னேயின் பெட்டியில் நல்ல துண்டுகளாகப் பார்த்துப் போட்டாள்.